தீம் பார்க் ஆக்கிவிட்டார்களாம்

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பழைய வீடு ஒன்று தங்கும் விடுதியாக மாறிவிட்டால் போதும், கல்யாணப் பந்தியிலும் வாட்ஸப் குழுக்களிலும் ஒரே புலம்பல்: "செட்டிநாட்டைத் தீம் பார்க் ஆக்கிட்டாங்க." ஆயா, அதாவது பாட்டி, வீட்டுப் பக்கம் பல வருஷமாக எட்டிப் பார்க்காதவர்தான் பெரும்பாலும் இதை உரக்கச் சொல்வார். ஆதங்கம் புரியாமல் இல்லை. வேட்டி கட்டி வாசலில் நிற்கவைத்த பணியாள், பித்தளைச் சொம்பில் நன்னாரி சர்பத், வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், வரிசையாக நின்று படம் எடுக்கும் கூட்டம் என்று பார்த்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அந்த வாக்கியம் எனக்கு ஒருபோதும் செரிப்பதில்லை. தீம் பார்க் என்றால் அட்டையில் செய்த பொய், நம் வீடு என்றால் தேக்கில் செய்த மெய் என்ற எண்ணம் அதற்குள் பதுங்கியிருக்கிறது. டிஸ்னிலாண்ட் எப்படிக் கட்டப்பட்டது, அன்றாடம் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் இந்தக் கணக்கு உதைக்கிறது. அங்கே மறைத்து வைத்திருக்கும் சங்கதிகளில் பாதி, நம் வீடுகளைக் கட்டிய கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் தெரிந்தவை. மீதிப் பாதியைத்தான் நாம் தொலைத்துவிட்டு நிற்கிறோம்.

டிஸ்னிலாண்ட் ரகசியங்கள் என்று தேடினால் கிடைப்பதில் பெரும்பகுதி அரட்டை. வால்ட் டிஸ்னியின் உடலைக் கடற்கொள்ளையர் சவாரிக்கு அடியில் உறையவைத்திருக்கிறார்கள் என்பது சுத்தப் பொய். 1966 டிசம்பர் 15-இல் இறந்தார், எரியூட்டினார்கள். பூங்காவுக்குள் கட்டிய மேட்டர்ஹார்ன் என்ற செயற்கை மலையின் வயிற்றுக்குள் பாதி கூடைப்பந்து மைதானம் இருக்கிறது என்பது கட்டுக்கதை போலத் தோன்றினாலும் உண்மை. சுவரிலும் கம்பி வேலையிலும் மூன்று வட்டங்களாக ஒளிந்திருக்கும் மிக்கியைத் தேடுவது பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு, அவ்வளவுதான். யாரும் படம் எடுக்காத இடங்களில்தான் மெய்யான ரகசியங்கள் இருக்கின்றன: மண்மேடு, வடிகால், குப்பைத் தொட்டி, விளக்கு.

மண்மேடும் முகப்பும்

கலிஃபோர்னியாவின் அனஹைம் ஊரில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பை வாங்கி, ஓராண்டுக்குள் கட்டி, 1955 ஜூலை 17-இல் திறந்தார்கள். கட்டடம் எழும் முன்பே முடிவான ஒரு வேலை, பூங்காவைச் சுற்றி இரண்டு மூன்று ஆள் உயரத்துக்கு மண்ணைக் கொட்டிக் கரை எழுப்புவது. அந்தக் கரைமேல்தான் நீராவி ரயில் சுற்றி வருகிறது. ரயிலில் ஏறுகிறவர் அதை ஒரு சவாரி என்று நினைப்பார்; அதன் முதல் வேலை மறைப்பது. உள்ளே நிற்பவருக்கு வெளியே இருக்கும் நெடுஞ்சாலை, மின்கம்பம், லாட்ஜ் விளம்பரம் எதுவும் தெரியக்கூடாது. அதுவரை இருந்த பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு நாலா பக்கமும் வாசல் இருந்தது. இதற்கு ஒன்றே ஒன்று. அந்த வாசலில் நுழைந்தால் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் இரண்டு சுரங்க வழிகளில் ஒன்றைக் கடந்தே ஆக வேண்டும். சில விநாடி இருட்டு, பிறகு தெரு. கண் தயாராவதற்காகவே வைத்த இருட்டு அது.

மண்மேடு தரையில் நிற்பதை மறைக்கும், உயரமானதை மறைக்காது. 1960-களில் பக்கத்தில் பல மாடி ஓட்டல்கள் எழப் பார்த்தபோது, பூங்காவுக்குள்ளிருந்து தெரியாத அளவுக்குத்தான் கட்டலாம் என்று அனஹைம் நகராட்சியே உயர வரம்பு கொண்டுவந்தது. ஒரு தனியார் பூங்காவின் வானத்தைக் காப்பாற்ற ஓர் ஊரே விதி போட்டது. இங்கே செட்டிநாட்டில், 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம் பிடித்த ஊர்களில், முகப்பு மாடியின் கஜலட்சுமியைப் படம் எடுக்க நிமிர்ந்தால் பின்னால் செல்போன் கோபுரம், முன்னால் ஃப்ளெக்ஸ், பக்கவாட்டில் ஏசிப் பெட்டி. தீம் பார்க் ஆக்கிவிட்டார்கள் என்கிறவர் இந்த மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாரா? தீம் பார்க்காரன் முதலில் கழற்றி எறிவது இவற்றைத்தான்.

உள்ளே நுழைந்ததும் வரும் கடைத்தெருவில் கண்ணை ஏமாற்றும் வித்தை இருப்பது பலருக்கும் தெரிந்ததே. தரைத்தளம் ஏறத்தாழ முழு அளவு. அதற்கு மேல் தளம் கொஞ்சம் குறுகல். அதற்கும் மேல் இன்னும் குறுகல். கட்டடம் இருப்பதைவிட உயரமாகத் தெரியும், ஆனால் மிரட்டாது. தெருவின் கோடியில் நிற்கும் கோட்டை வெறும் 77 அடிதான். கீழே பெரிய கல், மேலே போகப் போகச் சின்னக் கல் என்று செதுக்கியதால் அது வானத்தைத் தொடுகிறது. 1959-இல் எழுந்த மேட்டர்ஹார்ன் மலை 147 அடி, சுவிட்சர்லாந்து அசலில் நூறில் ஒரு பங்கு. அதன் சரிவில் மேலே போகப் போகக் குட்டையான மரங்களாக நட்டார்கள். மகள் வீட்டுக்குக் கலிஃபோர்னியா போகிற ஆச்சிகள் இதைச் சோதித்துப் பார்க்கலாம்: கடைத்தெருவில் ஒரு கடையின் வாசல் கதவையும் அதற்கு நேர் மேலே இருக்கும் ஜன்னலையும் மாறி மாறிப் பாருங்கள். அந்த ஜன்னலில் ஒரு பெரிய ஆள் நிமிர்ந்து நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்தால் குட்டு உடைந்துவிடும். ஜன்னல் கண்ணாடிகளில் எழுதியிருக்கும் பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். வக்கீல், தரகர், பல் மருத்துவர் என்று போட்டிருக்கும். உண்மையில் அவை பூங்காவைக் கட்டியவர்களின் பெயர்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. வெளியே தனித்தனிக் கடைகளாகத் தெரியும் அந்த முகப்புகளுக்குப் பின்னால் சுவர்கள் பெரும்பாலும் இல்லை. ஒரு கடையில் நுழைந்து அடுத்தடுத்த கடைகள் வழியாகவே தெருவின் பாதியைக் கடந்துவிடலாம். அங்கே பல முகப்பு, உள்ளே ஒரே கடை. நம் ஊரில் நேர் எதிர்: ஒரே முகப்பு, உள்ளே பல அடுப்பு. மகனுக்குக் கல்யாணமானதும் வேறு வைத்து, ஒரு புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு தம்பதிக்கு, ஓர் இரட்டை அறை, ஓர் அடுப்பு என்று கொடுத்துவிடுவார்கள். தெருவில் நிற்பவருக்கு அது ஒரே குடும்பத்தின் அரண்மனை; உள்ளே அரிசியும் பருப்பும் தனித்தனிக் கணக்கு. முகப்பு மாடியும் அப்படித்தான். தெருப்பக்கம் நிமிர்ந்து நிற்கும் அந்த மாடி வீடு முழுக்க ஓடுவதில்லை. வளவு தாண்டினால் ஓட்டுக்கூரைதான். சுதையில் லட்சுமியும் வெள்ளைக்காரச் சிப்பாயும் தெருவைப் பார்த்து நிற்கிறார்கள், தோட்டத்தைப் பார்த்து ஒரு பொம்மைகூட இல்லை. பார்க்கிறவனுக்காகக் கட்டுவது பொய் என்றால், அந்தப் பொய்யை நாம் பர்மாவில் சம்பாதித்த பணத்தில் 1850-களிலிருந்தே அழகாகச் சொல்லி வந்திருக்கிறோம்.

யார் எதுவரை

வால்ட் டிஸ்னியை ஒரு காட்சி உறுத்தியதாகச் சொல்வார்கள். கலிஃபோர்னியாப் பூங்காவில் கௌபாய் வேஷம் போட்ட ஊழியர் ஒருவர் தன் இடத்துக்குப் போக, எதிர்கால உலகம் என்று அமைத்த பகுதி வழியாக நடந்து போனாராம். இடத்தின் மாயம் அந்த ஒரு தொப்பியால் கலைந்தது. அதற்கு விடை, டிஸ்னியின் அடுத்த பூங்காவாக ஃப்ளோரிடாவில் 1971 அக்டோபர் 1-இல் திறந்த மேஜிக் கிங்டமில் கிடைத்தது. அங்கே பூங்காவுக்கு அடியில் ஊழியர் நடமாட ஒரு சுரங்க வலை இருக்கிறது என்று எல்லோரும் எழுதுவார்கள். சுரங்கம் என்பது பாதி உண்மை. ஃப்ளோரிடா சதுப்பு நிலம்; கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அதனால் பாதைகளைத் தரைமட்டத்திலேயே கட்டி, முன்னால் வெட்டிய ஏரியின் மண்ணைக் கொண்டுவந்து மூடி, அதன்மேல் பூங்காவை எழுப்பினார்கள். வருகிறவர்கள் நடப்பது முதல் மாடியில். ஏறத்தாழ 9 ஏக்கர் பரப்புள்ள அந்தக் கீழ்த்தளத்தில் உடைமாற்று அறை, ஊழியர் உணவகம், சரக்கு வண்டிப் பாதை, மின் கம்பிகள், குழாய்கள் எல்லாம் இருக்கின்றன. குழாய் உடைந்தால் மேலே தெருவைத் தோண்ட வேண்டியதில்லை.

அதே குழாய்களுக்கு நடுவில்தான் குப்பை போகும் குழாயும் இருக்கிறது. சுவீடன் நாட்டுத் தொழில்நுட்பம். காற்றை உறிஞ்சி, மணிக்குச் சுமார் 60 மைல் வேகத்தில் குப்பைப் பைகளை இழுத்துப் போய் ஓரிடத்தில் சேர்க்கிறது. நாம் தொட்டியில் போடும் காகிதத் தட்டு அப்படியே உறிஞ்சப்படுகிறது என்று நினைப்பது தவறு. ஊழியர்கள் தொட்டியைக் காலிசெய்து, மறைவாக இருக்கும் வாய்களில் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். தொட்டிகள் ஏறத்தாழ 30 அடிக்கு ஒன்று. குப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மனிதன் அதற்குமேல் நடக்கமாட்டான் என்பது கணக்கு. தொட்டியின் வாய்க்கு மூடி போட்டிருப்பது நாற்றமும் ஈயும் வெளியே வராமலிருக்க. சூயிங்கம் பூங்காவுக்குள் விற்பதே இல்லை, ஏனென்றால் தரையில் ஒட்டினால் சுரண்டி எடுக்க ஆள் வேண்டும். குப்பை வந்தபின் அள்ளுவதைவிட வராமல் பார்ப்பது மலிவு என்று கண்டுகொண்டவர்கள்.

யார் எதுவரை வரலாம், எது யார் கண்ணில் படக்கூடாது என்ற இந்த யோசனைக்கு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டைவிட நல்ல உதாரணம் ஏது? வழிப்போக்கன் திண்ணையோடு சரி. வட்டிக் கணக்குப் பார்க்க வந்தவர் முகப்பில் உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்து போவார். பங்காளியும் சம்பந்தியும் வளவுக்கு வருவார்கள். இரண்டாம் கட்டில் பந்தி, அதற்கும் பின்னால் அடுப்படி, கிணறு, தோட்டம், பின் தெருவில் திறக்கும் வாசல். விறகும் நெல்லும் வருவதும் பாத்திரம் தேய்க்கும் ஆள் வருவதும் அந்த வழியாக. முன் தெருவிலிருந்து பின் தெருவரை நீளும் மனை என்பதால் இது சாத்தியமானது. நிலைகள் ஒரே கோட்டில் இருப்பதால் முன்வாசலில் நின்றால் கடைசிக் கதவின் வெளிச்சம்வரை தெரியும், ஆனால் அடுப்படியின் புகையோ சத்தமோ அந்தக் கோட்டில் விழாது. முன்னால் சந்தனம் பூசியது போன்ற தூண், பின்னால் போகப் போக வேலைப்பாடு குறைந்து வெறும் மரம். காசைப் பார்வை படும் இடத்தில் செலவழித்தார்கள், கூச்சமே படாமல்.

டிஸ்னியின் வித்தைகளில் பல, இப்படி ஏதோ ஒரு கட்டடச் சிக்கலைத் தீர்க்கப் போய்ப் பிறந்தவை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். கலிஃபோர்னியாப் பூங்காவின் பேய் மாளிகைச் சவாரிக்கு வெளிக்கட்டடம் 1963-இலேயே முடிந்துவிட்டது; திறந்தது 1969 ஆகஸ்டில். உள்ளே நுழைந்ததும் ஓர் எண்கோண அறையில் அடைத்துக் கதவை மூடுவார்கள். சுவரில் இருக்கும் படங்கள் நீண்டுகொண்டே போகும், கூரை உயர்கிறதா தரை இறங்குகிறதா என்று புரியாது. கலிஃபோர்னியாவில் தரை இறங்குகிறது. அது ஒரு லிஃப்ட். சவாரிக்கான பெரிய கொட்டகை மண்மேட்டுக்கு வெளியே இருப்பதால், ஆட்களை ரயில் பாதைக்குக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தப் பயணத்தைத்தான் பேய்க்கதை ஆக்கினார்கள். ஃப்ளோரிடாவில் அப்படி இறங்க வேண்டிய தேவையே இல்லை, அங்கே கூரைதான் மேலே போகிறது. நடனக்கூடத்தில் ஆடும் ஆவிகளோ 1862-இல் லண்டனில் பெப்பர் என்பவர் மேடையில் காட்டிய பழைய உத்தி: சாய்வாக ஒரு பெரிய கண்ணாடி, கண்ணுக்குப் படாத இடத்தில் வெளிச்சம் விழும் பொம்மை, கண்ணாடியில் அதன் பிம்பம்.

தண்ணீர் சொன்ன பாடம்

அனஹைமில் திறப்பு நாளன்று வெயில் ஏறக்குறைய 38 டிகிரி. புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்பு அதில் இறங்கியது. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால், குடிநீர்க் குழாயா கழிப்பறையா, இரண்டில் ஒன்றைத்தான் முடிக்க முடியும் என்ற நிலை. வால்ட் கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார்; குளிர்பானம் விற்பதற்காகவே தண்ணீரை நிறுத்திவிட்டார் என்று பழி வந்தது. செடி வாங்கக் காசு தீர்ந்துபோய், தானாக முளைத்த களைகளுக்கு லத்தீன் பெயர்ப் பலகை வைத்து ஒப்பேற்றியதாகத் தோட்டப் பொறுப்பாளரே பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். அதைவிடப் பெரிய சிக்கல் ஆறு. கப்பல் ஓட வெட்டிய ஆற்றில் தண்ணீர் விட்டால், மணற்பாங்கான நிலம் அத்தனையையும் குடித்துவிட்டது. களிமண் கொண்டுவந்து அடியில் பரப்பி இறுக்கிய பிறகுதான் நின்றது. நம் ஊருணி வெட்டியவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அந்த ஆற்றின் தண்ணீரை வேண்டுமென்றே கலங்கலாக, அடர் பச்சையாக வைத்திருப்பது இன்னொரு நுணுக்கம்: அடியில் கப்பலை இழுத்துப் போகும் தண்டவாளம் தெரியக்கூடாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆற்றையே வடித்து, தூர்வாரி, தண்டவாளத்தைச் செப்பனிட்டு, மறுபடி நிரப்புவார்கள். அந்த நாட்களில் கப்பல் ஓடாது, கேட்பவர்களுக்குப் பராமரிப்பு நடக்கிறது என்று பலகை பதில் சொல்லும்.

ஊர் மாறியபோது வானத்துக்குத் தக்கபடி மாற்றிக் கட்டியதையும் கவனிக்க வேண்டும். 1983-இல் தோக்கியோவில் மழைக்காகக் கடைத்தெரு முழுவதற்கும் கண்ணாடிக் கூரை போட்டார்கள். 1992-இல் பாரிஸில் சாம்பல் நிற வானத்தில் எடுப்பாகத் தெரியக் கோட்டைக்கு இளஞ்சிவப்பு அடித்தார்கள். 2005-இல் ஹாங்காங்கில் வாஸ்து போன்ற அவர்கள் ஊர் சாஸ்திரம் பார்த்து, நுழைவாயிலை 12 டிகிரி திருப்பினார்கள். மனையடி பார்த்து நிலை வைத்த நமக்கு அதில் வியப்பு ஒன்றுமில்லை.

இங்கே நடப்பது என்ன? முற்றத்துக்கு மேல் பாலிகார்பனேட் ஷீட். மழைச் சாரல் வராது, குரங்கு இறங்காது, சினிமாக்காரர்களுக்கு மழையிலும் படப்பிடிப்பு நடத்த வசதி. காரணங்கள் நியாயமானவைதான். ஆனால் வளவின் நாலு தாழ்வாரமும் முற்றத்தை நோக்கிச் சரிவது மழையை உள்ளே வாங்கி, அண்டாவில் பிடித்து, மிச்சத்தைத் தூம்பு வழியாகத் தெரு வாய்க்காலுக்கும் அங்கிருந்து ஊருணிக்கும் அனுப்பத்தான். சூடான காற்று மேலே போக வழியும் அதுதான். மூடிவிட்டால் பகலெல்லாம் ஷீட்டுக்கு அடியில் சேரும் வெக்கை முற்றத்தை ஒட்டிய பட்டாலைக்கு இறங்குகிறது, விடுதிக்காரர் ஏசி மாட்டுகிறார், ஏசிப் பெட்டி முகப்புச் சுவரில் உட்காருகிறது. மூட வேண்டிய கட்டாயம் இருந்தால், ஷீட்டைத் தாழ்வார ஓட்டோடு ஒட்டிப் போடாமல், நாலு பக்கமும் காற்றுப் போகும்படி இரண்டு மூன்று அடி தூக்கி, கழற்றி மாட்டும்படி போடுவதே முறை. குரங்குக்கு வலை போதும்.

இரவு வேலை

தீம் பார்க் பற்றிய என் பழைய எண்ணம் கலைந்தது கோட்டையைப் பற்றிப் படித்தபோது இல்லை, பல்பைப் பற்றிப் படித்தபோது. கடைத்தெருவின் கட்டட விளிம்புகளில் ஆயிரக்கணக்கான சின்ன விளக்குகள் எரிகின்றன. அவற்றை எரிந்து போனபின் மாற்றுவதில்லை. இத்தனை மணி நேரம் எரியும் என்று கணக்கு இருக்கிறது. அது முடிவதற்குக் கொஞ்சம் முன்பே மொத்தமாக மாற்றிவிடுகிறார்கள். அணைந்த பல்பு ஒன்றை வருகிறவர் பார்க்கவே கூடாது. கூட்டம் வெளியேறிய பிறகு தெருவைக் குழாய் வைத்துக் கழுவுகிறார்கள். கைபட்டுத் தேயும் கம்பிகளுக்கும் குதிரை கட்டும் கம்பங்களுக்கும் மறுபடி வர்ணம் பூசுகிறார்கள். தண்டவாளத்தை நடந்தே சோதிக்கிறார்கள். வர்ணத்துக்கென்றே தனிக் கணக்கு: மறைய வேண்டிய வேலிக்கும் கொட்டகைக்கும் கண்ணில் நிற்காத மங்கிய பச்சை, இழுக்க வேண்டிய இடத்துக்குப் பளிச்சென்ற நிறம். ஏழு தலைமுறை நிற்கட்டும் என்று கட்டியதல்ல அது. மரச்சட்டமும் கண்ணாடி நாரும் சிமெண்டுப் பூச்சும்தான் பெரும்பாலும். எழுபது ஆண்டு கழித்தும் புதிதாக நிற்கிறது. பர்மாத் தேக்கும் சுண்ணாம்பும் போட்டு, நூறு மடங்கு உறுதியாக நாம் கட்டியவை ஒழுகிக்கொண்டிருக்கின்றன. எது அட்டை, எது மெய் என்று கேட்டால் பதில் பொருளில் இல்லை, இரவு வேலைக்கு ஆள் இருக்கிறதா என்பதில் இருக்கிறது.

நம் வீட்டுக்கும் அந்த ஆள் இருந்தார்கள். வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்றால் மூன்று மாதம் முன்பே ஓட்டுக்காரரும் கொத்தனாரும் வந்துவிடுவார்கள். கல்யாணமே பராமரிப்பு நாள்காட்டியாக இருந்தது. இப்போது ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் சென்னை, கோலாலம்பூர், டெக்சஸ் என்று சிதறியிருக்கிறார்கள். கல்யாணம் மண்டபத்துக்குப் போய்விட்டது. ஓர் ஓடு மாற்றுவதற்கும் எல்லாப் புள்ளியும் ஒப்ப வேண்டும், ஒரு புள்ளி முகம் திருப்பினால் வேலை நிற்கும். கடைசியில் தூண் தனியாக, நிலை தனியாக, பூட்டு தனியாகக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போகிறது. இதைத் தடுக்கும் விடுதிக்காரரைத் திட்டுகிறோம், கடப்பாரைக்காரரைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆனால் விடுதிக்காரரும் தப்பாகச் செய்கிறார், அதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கெடுவது சுவர். செட்டிநாட்டுப் பூச்சு ஒரே பூச்சு இல்லை. முதலில் சுண்ணாம்பும் பருமணலும், அதன்மேல் நைசு மணல், அதன்மேல் இன்னும் நைசு, கடைசியில் மையாக அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்த பூச்சு. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் கலவையில் சேரும். ஒவ்வொரு அடுக்கும் முழுதாக உலரும் முன் அடுத்தது ஏற வேண்டும். ஒரு சுவரைப் பாதியில் நிறுத்தினால் ஒட்டுத் தெரியும். கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துத்தான் அந்தப் பளபளப்பு வருகிறது. வெயிலில் அவசரமாகக் காயவிட்டால் நூல் விரிசல் ஓடும். இந்தச் சுவர் மூச்சுவிடும். அடியிலிருந்து ஏறும் ஈரம் பூச்சு வழியாகக் காற்றில் போய்விடும். அடிப்பக்கம் பெயர்ந்த இடத்தில் சிமெண்டு வைத்து ஒட்டுப்போட்டு, மேலே எமல்ஷன் அடித்தால் ஈரத்துக்கு வழி அடைபடுகிறது. அது சிமெண்டுக்கு மேலாக ஏறி, இரண்டு மழைக்காலத்துக்குள் இடுப்புயரத்தில் உப்புப் பூக்கும், கொப்புளம் விடும். உடனே இன்னொரு கோட் அடிப்பார்கள். சரியான வழி: சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுவரைச் சில மாதம் உலரவிட்டு, சுண்ணாம்பிலேயே பூசுவது. செலவைவிட அந்தச் சில மாதக் காத்திருப்பைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை.

தரையும் அப்படியே. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடித் தட்டின்மேல் சட்டம் வைத்து, அச்சுக்குள் வர்ணக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கி, உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே ஈரக் கலவை வைத்து அழுத்தி, உலர்ந்தபின் தண்ணீரில் பல நாள் ஊறவைத்து எடுப்பது. கண்ணாடி பட்ட பக்கம்தான் வழுவழுப்பு. அதில் ஆசிட் ஊற்றித் துடைத்தால் சிமெண்டு அரித்து மேல்தோல் போய்விடும்; போனால் போனதுதான். வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் தேய்த்தால் போதும், நடக்க நடக்க மினுங்கும். விடுதியில் புதிதாகச் சேரும் பையனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம் இது, சொம்பைப் பிடித்து நிற்பது எப்படி என்பதற்கு முன்னால்.

ஒன்றை மட்டும் அனஹைமிடமிருந்து எடுக்கக் கூடாது. அங்கே எதுவும் யாருடைய வீடும் இல்லை. இங்கே பூட்டிய இரட்டை அறைக்குள் ஒரு ஆச்சியின் சீர்ச் சாமான் இருக்கும், சாமி வீட்டில் முன்னோர் வழிபாட்டுக்கான படைப்புப் பேழை இருக்கும். வளவில் படம் எடுக்கும் கூட்டத்தை ஒரு கயிறு கட்டி அங்கேயே நிறுத்துவதில் தப்பில்லை. பழைய வீட்டின் வரைபடமே அதைத்தான் சொல்கிறது.

வருஷத்துக்குக் கொஞ்சம் பணம் மட்டும் ஒதுக்க முடிகிற பங்காளிகள் கேட்டால், செலவு வரிசை இப்படி இருக்கட்டும். ஐப்பசி அடைமழைக்கு முன்னால், ஆவணியிலேயே ஓட்டுக்காரரை ஏற்றுங்கள். உடைந்த நாட்டு ஓட்டை மட்டும் மாற்றி, நகர்ந்ததை இழுத்து அடுக்கினால் போதும். முழுக்கப் பிரித்தால் நல்ல ஓடும் உடையும். அடுத்தது கூடல்வாய்: இரண்டு சரிவு சேரும் அந்தப் பள்ளத்தில் சருகு அடைத்தால்தான் தண்ணீர் திரும்பிக் கூரையின் கைமரத்துக்குள் இறங்குகிறது, அங்கேதான் கரையானும் வரும். வீட்டில் பழைய ஒழுக்கு எங்கே என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் மூலையைக் காட்டுவது அதனால்தான். பிறகு முற்றத்துத் தூம்பு: ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, வெளி வாய்க்காலில் வருகிறதா என்று தெருவில் ஓர் ஆளை நிறுத்திப் பாருங்கள். மாதம் ஒருமுறை எல்லா அறையையும் திறந்து ஒரு பகல் காற்றாட விட, அந்தந்தப் புள்ளியிடம் சாவிக்கு இப்போதே சொல்லிவையுங்கள். சுவர் நாலாவது. முகப்புக்கு வர்ணம் கடைசி, அதுவும் சுண்ணாம்பில்.